அத்தையின் தீபாவளி ஆர்டர் கணக்கும் கட்டத்துக்குள் எழுதிய வார்த்தைகளும்

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு மூன்று வாரம் முன்னால், செப்டம்பர் 27 சனிக்கிழமை காலையில் அத்தை போன் செய்தார். "தம்பி, புத்தகம் பத்தலப்பா. யாரு காசு கொடுத்தா, யாரு கொடுக்கலன்னு தேடுறதுக்குள்ள எண்ணெய் காஞ்சிருது. உன் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ணிக் கொடு."

அத்தை வீடு மலேசியாவில், பட்டர்வொர்த்தில், பாகான் ஆஜாம் பக்கம். தீபாவளி மாதம் வந்தால் அடுப்படியில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி என்று வேலை ஓயாது. ஆர்டர் எல்லாம் 555 புத்தகத்தில் எழுதிவைப்பார். முப்பது ஆர்டர் வரைக்கும் அந்தக் குட்டிப் புத்தகம் தாங்கும். இந்த முறை எண்பதைத் தாண்டிவிட்டது. சிலர் முழுப் பணமும் பேங்க்-இன் செய்துவிட்டார்கள், சிலர் முன்பணம் மட்டும், சிலர் "எடுக்க வரும்போது தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. எதிரே பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு மாமா மோட்டார் சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறுவார். இப்போதைய ஃபெர்ரியில் கார் ஏறாது, ஆளும் மோட்டாரும்தான். ஆக ஒரு தடவைக்கு எத்தனை டின், யாரிடம் எவ்வளவு வாங்க வேண்டும் என்பது கிளம்பும்போதே தெளிவாகத் தெரிந்தாக வேண்டும்.

அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரமாட்டார். அத்தை மகள்தான் தட்டுவாள். அத்தைக்கு வேண்டியது காகிதம். அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தால் புரிய வேண்டும். பிரிண்டர் கறுப்பு வெள்ளை, அதனால் சிவப்பு பச்சை என்று நிறம் பூசிப் பயனில்லை. எண்களைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. எக்ஸெல் கணக்குத்தாளின் கட்டமே தமிழில் சொல்ல வேண்டும்: கட்டியாச்சு, பாக்கி, இன்று, நாளை. அப்படிச் சொல்லவைக்க நான் செய்ததும், நடுவில் இரண்டு இடத்தில் தப்பாகப் போனதும்தான் இந்தப் பதிவு.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலாக்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எக்ஸெலில் தட்டும்போது ஃபார்முலாவின் பெயரும் கட்டத்தின் எழுத்தும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழ் மட்டும் அப்படியே தமிழாக இருக்கலாம்.

பத்திகள் இப்படி: ஏ பெயர், பி என்ன பலகாரம் எத்தனை டின், சி மொத்தத் தொகை, டி கொடுத்த பணம், ஈ எடுக்கும் நாள், எஃப் பணம் பற்றிய செய்தி, ஜி நாள் பற்றிய செய்தி, ஹெச் கொடுத்தாகிவிட்டதா.

முதலில் எழுதியது இது:

=இஃப்(டி2>=சி2,"கட்டியாச்சு","பாக்கி")

இஃப் என்பதற்கு மூன்று இடம். முதல் இடத்தில் கேள்வி, இரண்டாவதில் ஆம் என்றால் காட்ட வேண்டியது, மூன்றாவதில் இல்லை என்றால் காட்ட வேண்டியது. வார்த்தை காட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி கட்டாயம். குறி விட்டுப்போனால் அந்த வார்த்தையை எக்ஸெல் ஏதோ ஒரு பெயர் என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல் #நேம்? என்று நிற்கும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ எழுதிக்கொண்டுவந்து ஒட்டினாலும் சில சமயம் இதே பிழை வரும். அங்கே குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், எக்ஸெலுக்கு நேர்க்குறிதான் வேண்டும். அத்தை மகளுக்கு நான் போனில் அனுப்பிய முதல் ஃபார்முலா இப்படித்தான் நின்றது.

ஃபார்முலாவை 150-வது வரிசை வரைக்கும் இழுத்துவிட்டேன். ஆர்டரே எழுதாத வரிசைகளிலும் "கட்டியாச்சு" என்று வந்து நின்றது. வெறும் கட்டத்தை எக்ஸெல் சுழியமாக எடுத்துக்கொள்கிறது, சுழியம் சுழியத்துக்குச் சமம், அதனால் ஆம். பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் காட்டாதே என்று முன்னால் ஒரு இஃப் சேர்த்தேன், முன்பணத்துக்கும் ஒரு வார்த்தை வைத்தேன்:

=இஃப்(ஏ2="","",இஃப்(டி2>=சி2,"கட்டியாச்சு",இஃப்(டி2>0,"முன்பணம் மட்டும்","பணம் வரவில்லை")))

நன்றாக வேலை செய்தது. காகிதத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று. அத்தைக்கு சந்தோஷம்.

அக்டோபர் 4 சனிக்கிழமை இரவு மறுபடி போன். "தம்பி, அந்த ஜெலுத்தோங் பிள்ளை ஐம்பது வெள்ளிதானே போட்டுச்சு? உன் பேப்பர் கட்டியாச்சுன்னு சொல்லுதே. மாமா டின்ன கொடுத்துட்டு காசு கேக்காமலே வந்துட்டாரு."

180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆர்டர். 50 வெள்ளி வந்திருந்தது. மீதி 130 வெள்ளியைக் கேட்க அத்தைக்குக் கூச்சம். கொடுக்கும்போது கேட்டிருந்தால் அது சாதாரணம். கொடுத்துவிட்டு வந்து போன் போட்டுக் கேட்பது வேறு. அத்தை அன்று இரவு கேட்கவில்லை, மறுநாள்தான் கேட்டார். அந்தப் பிள்ளை உடனே அனுப்பிவிட்டது. ஆனாலும் அந்த ஓர் இரவு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. புத்தகம் இருந்தவரை அத்தை எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. என் காகிதம் "கட்டியாச்சு" என்று சொன்னதால்தான் விட்டார்.

மறுநாள் ஞாயிறு காலை ஃபெர்ரியில் போய் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த வரிசையின் டி கட்டத்தில் வெறும் 50 இல்லை, "ஆர்எம் 50" என்று வெள்ளிக் குறியோடு தட்டியிருந்தது. அத்தை மகள் மேல் தப்பில்லை, மனிதர்கள் பணத்தை அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த லேப்டாப்புக்கு அது பணம் இல்லை, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எக்ஸெல் முறைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதற்கு ஒரு விதி இருக்கிறது: எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. நம்பமுடியாமல் ஒரு வெறும் கட்டத்தில் தட்டிப் பார்த்தேன்:

="ஆர்எம் 1">1000000

ட்ரூ, அதாவது ஆம், என்று வந்தது. ஒரு வெள்ளி பத்து லட்சத்தைவிடப் பெரிது. ஆக "ஆர்எம் 50" என்ற எழுத்து 180-ஐவிடப் பெரிது, கேள்விக்கு ஆம், "கட்டியாச்சு".

இதே இடத்தில் கழித்தல் போட்டிருந்தால் #வேல்யூ! என்று பிழை வந்திருக்கும், அன்றைக்கே பிடித்திருக்கலாம். பெரிதா சிறிதா என்று கேட்டதால் சத்தமில்லாமல் ஒரு பதில் வந்துவிட்டது. அதுவும் நல்ல சேதியாக. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது: எண் தப்பாக இருந்தால் பார்க்கிறவர் யோசிப்பார், "கட்டியாச்சு" என்று ஒரு வார்த்தை இருந்தால் யோசிக்கமாட்டார். அதனால் அந்த வார்த்தைக்குப் போகும் வழி குறுகலாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருப்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே நல்ல வார்த்தை வரட்டும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் "பாருங்கள்" என்று வரட்டும்.

அப்படி மாற்றி எழுதியது:

=இஃப்(ஏ2="","",இஃப்(கவுண்ட்(சி2:டி2)<2,"தொகையைப் பாருங்கள்",இஃப்(டி2=0,"பணம் வரவில்லை",இஃப்(டி2<சி2,"முன்பணம் மட்டும்",இஃப்(டி2=சி2,"கட்டியாச்சு","கூடுதலாக வந்திருக்கிறது")))))

நடுவில் இருக்கும் கவுண்ட் எண்களை மட்டும்தான் எண்ணும். எழுத்தையும் வெறும் கட்டத்தையும் விட்டுவிடும். சியிலும் டியிலும் உண்மையான எண் இருந்தால்தான் 2 வரும். டி வெறுமையாக இருந்தாலும் "தொகையைப் பாருங்கள்" என்று வருவதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். விசாரித்து, பணம் இன்னும் வரவில்லை என்று தெரிந்தால் 0 என்று தட்ட வேண்டும். விசாரிக்கவே இல்லை என்பதும், விசாரித்தும் வரவில்லை என்பதும் ஒன்றில்லை. அத்தைக்கு இது உடனே பிடித்துப்போனது. 555 புத்தகத்திலும் அவர் அப்படித்தான், வெறும் இடம் விட்டால் இன்னும் கேட்கவில்லை, கோடு போட்டால் கேட்டாயிற்று.

கட்டங்களை மாற்றியதும் இன்னும் இரண்டு "ஆர்எம்" வெளியே வந்தன. ஒன்று நிஜமாகவே முழுப் பணம் கட்டியவர். மற்றொன்று 20 வெள்ளி பாக்கி.

இஃப்ஸ் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறதே, இத்தனை அடைப்புக்குறி வேண்டாமே என்று சிலர் நினைக்கலாம். அந்த லேப்டாப்பில் இருப்பது எக்ஸெல் 2016, கடையில் வாங்கிப் போட்டது. இஃப்ஸ் அதில் இல்லை. இஃப்புக்குள் இஃப் வைப்பது 2003 வரைக்கும் ஏழு அடுக்குதான், 2007-லிருந்து 64 வரை போகலாம் என்பதால் ஐந்து ஆறு அடுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. புதிய எக்ஸெல் வைத்திருப்பவர்கள் இஃப்ஸ் எழுதலாம். அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: எந்த நிபந்தனையும் பொருந்தாவிட்டால் #என்/ஏ என்று காட்டும், தானாக ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்காது.

அடுத்த வாரம் அத்தை கேட்டது, "முன்பணம் மட்டும்னு போட்டா எனக்கு எவ்வளவு வாங்கணும்னு தெரியலையே?" நியாயமான கேள்வி. எஃப்பில் வார்த்தையையும் தொகையையும் ஒட்டவைத்தேன்: "பாக்கி "&சி2-டி2. கட்டத்தில் "பாக்கி 130" என்று அழகாக வந்தது. கீழே மொத்தப் பாக்கி என்று சம், அதாவது கூட்டும் ஃபார்முலா, போட்டால் 0. ஒட்டவைத்த அந்த நொடியிலேயே 130 எண்ணாக இருப்பதை விட்டுவிட்டு எழுத்தாகிவிடுகிறது, சம் எழுத்தைக் கண்டுகொள்ளாது.

இதற்கு ஃபார்முலாவைவிட நல்ல வழி ஒன்று எக்ஸெலிலேயே இருக்கிறது, நிறையப் பேர் அந்தப் பக்கம் போவதில்லை. கட்டத்தின் உள்ளே எண்ணை எண்ணாகவே விட்டுவிட்டு, காட்டும் விதத்தை மட்டும் மாற்றுவது. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு 1 அழுத்தி, நம்பர் என்ற பக்கத்தில் கஸ்டம் என்பதற்குப் போய் இதை எழுதினேன்:

"பாக்கி "0;"கூடுதல் "0;"தீர்ந்தது"

அரைப்புள்ளிகள் பிரிக்கும் மூன்று இடம்: முதலாவது சுழியத்துக்கு மேல், இரண்டாவது சுழியத்துக்குக் கீழ், மூன்றாவது சரியாகச் சுழியம். இரண்டாவது இடத்தை நாமே எழுதினால் கழித்தல் குறி தானாக வராது, அதனால் "கூடுதல் 10" என்றுதான் தெரியும், "கூடுதல் -10" என்று குழப்பாது. எஃப்பின் ஃபார்முலாவும் சுருங்கிவிட்டது:

=இஃப்(ஏ2="","",இஃப்(கவுண்ட்(சி2:டி2)<2,"தொகையைப் பாருங்கள்",சி2-டி2))

முன்பணம் வந்ததா இல்லையா என்பது பக்கத்து டி கட்டத்திலேயே தெரிகிறது, தனி வார்த்தை தேவைப்படவில்லை. இப்போது சம் ஒழுங்காகக் கூட்டியது. ஆனால் "தொகையைப் பாருங்கள்" என்று நிற்கும் வரிசைகளை சம் விட்டுவிடும், அது மொத்தத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் அப்படி நிற்கும் வரிசைகளை எண்ணிச் சொல்ல மொத்தத்துக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்தேன்:

=கவுண்ட்இஃப்(எஃப்2:எஃப்150,"தொகையைப் பாருங்கள்")&" ஆர்டர் இதில் சேரவில்லை"

இந்த முறையில் ஒன்றை மறக்கக்கூடாது. கட்டத்தில் "தீர்ந்தது" என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0. தீர்ந்த ஆர்டர்களை எண்ண வேண்டுமானால் 0 எத்தனை என்றுதான் கேட்க வேண்டும். கவுண்ட்இஃபில் அந்த வார்த்தையைக் கொடுத்து எண்ணினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

சரி, பணம் முடிந்தது. நாள் விஷயம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

அக்டோபர் 5-ஆம் தேதி, பணத்தைச் சரிசெய்த அதே ஞாயிற்றுக்கிழமை, ஜி பத்தியில் இதைப் போட்டேன் (டுடே என்பது இன்றைய தேதியைத் தரும் ஃபார்முலா):

=இஃப்(ஏ2="","",இஃப்(ஈ2>டுடே(),"நாள் இருக்கிறது",இஃப்(ஈ2=டுடே(),"இன்று","நாள் தாண்டிவிட்டது")))

போட்டதும் 7-ஆம் தேதி ஆர்டரும் 9-ஆம் தேதி ஆர்டரும் "நாள் தாண்டிவிட்டது" என்றன. உள்ளே பார்த்தால் 7/10 ஜூலை 10-ஆகவும் 9/10 செப்டம்பர் 10-ஆகவும் பதிவாகியிருந்தன. ஏதோ மாற்றித் தட்டிவிட்டாள் என்று நினைத்து இரண்டையும் கையால் திருத்திவிட்டுக் கிளம்பினேன். அங்கேயே நின்று ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

12-ஆம் தேதி ஞாயிறு காலை ஒருவர் ஆறு டின் எடுக்க வாசலில் வந்து நின்றார். சுவரில் இருந்த காகிதம் அவருக்கு "நாள் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று டின்தான் தயார். அவர் சுங்கை பட்டாணியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அத்தை அவர்களை உட்காரவைத்து, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, மறுபடி அடுப்பு மூட்டி, இரண்டு மணி நேரத்தில் மீதியைச் சுட்டுக் கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் முழுவதும் ஈ பத்தியோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த லேப்டாப் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. விண்டோஸில் நாடு அமெரிக்கா என்று இருந்தது. அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில், நாள் அப்புறம். நாம் நாளை முதலில் எழுதுகிறவர்கள். அக்டோபர் மாதத்துத் தேதிகளை அந்த லேப்டாப் எப்படிப் புரிந்துகொண்டது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 1/10 முதல் 9/10 வரை ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரையான பத்தாம் தேதிகள், எல்லாம் கடந்துபோனவை. 10/10 தற்செயலாகச் சரி. 11/10 நவம்பர் 10, 12/10 டிசம்பர் 10, இரண்டும் வராத நாள். 13/10-லிருந்து வேறு கதை: பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் அது தேதியே இல்லை, வெறும் எழுத்து. எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது என்ற அதே விதி. தேதி என்பதும் எக்ஸெலுக்கு உள்ளே ஓர் எண்தான். ஆகவே 13 முதல் 19 வரை எடுக்க வேண்டிய எல்லா ஆர்டரும், அதாவது தீபாவளிக்கு முந்திய முக்கால்வாசி ஆர்டரும், தீபாவளி முடிந்து தை மாதம் வந்தாலும் "நாள் இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

எக்ஸெல் இதை மறைக்கவும் இல்லை. எண்ணும் தேதியும் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். யார் பார்த்தாலும் தெரியும் அடையாளம். அழகாக இருக்கட்டும் என்று நான்தான் எல்லாக் கட்டத்தையும் நடுவுக்கு இழுத்து வைத்திருந்தேன். இனி எந்தக் கணக்கிலும் தொகையையும் தேதியையும் நடுவில் வைப்பதில்லை.

திருத்தியது இப்படி. முதலில் விண்டோஸில் நாட்டை மலேசியா என்று மாற்றினேன். இது இனிமேல் தட்டுவதற்குத்தான் உதவும், ஏற்கெனவே உள்ளே போனதைத் தொடாது. எழுத்தாக நின்ற தேதிகளைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கடைசிப் படியில் டேட் என்பதில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் குறித்தால் அவை நிஜமான தேதிகளாகிவிடும். நவம்பர், டிசம்பர் என்று தடம் மாறிப்போனவற்றுக்கு அந்த வழி உதவாது, அவை ஏற்கெனவே தேதிதான், தப்பான தேதி. அவற்றை 555 புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அத்தை வாசிக்க, நான் தட்ட. அப்புறம் ஈ பத்தி முழுவதும் மாதம் எழுத்தில் தெரிகிற மாதிரி வைத்தேன், இனி 12/10 என்று மொட்டையாக நிற்காது.

ஜி கடைசியில் இப்படி ஆனது:

=இஃப்(ஏ2="","",இஃப்(ஹெச்2="ஆம்","கொடுத்தாச்சு",இஃப்(கவுண்ட்(ஈ2)=0,"தேதியைப் பாருங்கள்",இஃப்(ஈ2<டுடே(),"நாள் தாண்டிவிட்டது",இஃப்(ஈ2=டுடே(),"இன்று",இஃப்(ஈ2=டுடே()+1,"நாளை",ஈ2-டுடே()&" நாள் இருக்கிறது"))))))

எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்வது முக்கியம் என்று தோன்றியது. வெறும் "நாள் இருக்கிறது" என்பதை அத்தை நம்பிவிட்டார். அதே கட்டம் அன்றைக்கு "59 நாள் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் தீபாவளிப் பலகாரத்துக்கு ஐம்பத்தொன்பது நாளா என்று கேட்டிருப்பார்.

ஹெச்சில் தட்டவிடாமல், தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு பட்டியல் வைத்தேன், டேட்டா வேலிடேஷன் என்பதில் "ஆம்" மட்டும். தட்டினால் ஆமுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே எக்ஸெலுக்கு அது வேறு வார்த்தை.

இன்னொன்று காகிதத்தைப் பற்றி. டுடே கணினியில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகக் கணக்கிடும், சுவரில் ஒட்டிய காகிதம் கணக்கிடாது. நேற்று அச்சிட்ட "நாளை" இன்றைக்கு இன்று. அதனால் 11-ஆம் தேதியே தலைப்பில் "அச்சிட்ட நாள் "&டுடே() என்று போட்டிருந்தேன். "அச்சிட்ட நாள் 45941" என்று அச்சாகி வந்தது. வார்த்தையோடு ஒட்டும்போது தேதி தன் உள்ளே இருக்கும் எண்ணைக் காட்டிவிடுகிறது, 1900 தொடங்கி எண்ணிய நாள் கணக்கு அது. டுடேயை டெக்ஸ்ட் என்ற ஃபார்முலாவுக்குள் வைத்து, எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொன்னால் தேதியாக வரும். அப்புறம் தினம் காலை ஆறு மணிக்கு அத்தை மகள் புதுக் காகிதம் அச்சிட்டு ஒட்டினாள்.

13-ஆம் தேதியிலிருந்து 19 வரை ஒரு டின்கூடத் தவறவில்லை. மாமா ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஃபெர்ரி ஏறினார், ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் "பாக்கி" என்று இருந்த வீடுகளில் கேட்டு வாங்கிவந்தார்.

18-ஆம் தேதி சனிக்கிழமை நான் போனபோது காகிதத்தில் ஒரே ஒரு வரிசையில் "தேதியைப் பாருங்கள்" என்று நின்றது. உள்ளே அத்தை மகள், அத்தை சொன்னபடியே, "பொண்ணு ஊர்லேர்ந்து வந்ததும்" என்று தட்டியிருந்தாள். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் ஆர்டர், இரண்டு டின் நெய் உருண்டை. தேதி கேட்டுப் போட்டுவிடட்டுமா என்றேன்.

"வேணாம்ப்பா, அப்படியே இருக்கட்டும்," என்றார் அத்தை, மாவைப் பிசைந்துகொண்டே. "அது அப்படி நின்னாத்தான் நான் தினம் ஒரு தடவ போன் போட்டுக் கேப்பேன்."